ஃபேக்டோரியோ, பலாட்ரோ, சில்க்ஸாங்: எங்கே மாட்டிக்கொள்கிறோம், ஏன்?

இப்போது மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பவை மூன்று வீடியோ கேம்கள்: ஃபேக்டோரியோவும் அதன் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கமும், பலாட்ரோ, ஹாலோ நைட்: சில்க்ஸாங். முதலாவது தொழிற்சாலை கட்டுவது, இரண்டாவது சீட்டு விளையாட்டு, மூன்றாவது சண்டையும் தாவலும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ரகங்கள் என்பதால் மூன்றையும் ஒரே கேள்வியால் எடைபோடுவதுதான் நியாயம்: தோற்றால் ஏன் தோற்றோம் என்பதை கேம் காட்டிக்கொடுக்கிறதா, இல்லை நாமே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டுமா? படமும் இசையும் மூன்றிலும் நன்றாகவே இருக்கின்றன. அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

ஃபேக்டோரியோ செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் செய்தது. 1.0 பதிப்பு 2020 ஆகஸ்ட் 14 அன்று வந்தது. 2024 அக்டோபர் 21 அன்று ஸ்பேஸ் ஏஜும், அதை வாங்காதவர்களுக்கும் இலவசமாக 2.0 பதிப்பும் வந்தன. மனிதர் யாருமில்லாத கிரகத்தில் விழுந்து, தாது வெட்டி, உருக்கி, பாகங்கள் செய்து, கடைசியில் ராக்கெட் ஏவ வேண்டும். இதில் எதிரிப் பூச்சிகளைவிடப் பெரிய எதிரி, பொருள்களை நகர்த்த நாம் போட்ட பெல்ட்தான்.

புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் சறுக்குவது உலை வரிசையில். தொடக்க நிலையான மஞ்சள் பெல்ட் வினாடிக்கு 15 பொருள் கொண்டுபோகும். அதில் இரண்டு பாதைகள், பாதைக்கு 7.5. கல் உலை ஒரு இரும்புத் தகடு செய்ய 3.2 வினாடி எடுத்துக்கொள்ளும். ஆக ஒரு முழு பெல்ட் தாதுவைத் தின்ன 48 கல் உலை, பக்கத்துக்கு 24. இந்த 48 என்ற எண்ணை எங்கேயோ படித்துவிட்டு, பெல்ட்டின் ஒரு பாதையில் தாதுவையும் மறு பாதையில் நிலக்கரியையும் ஓடவிட்டு, இருபுறமும் 24, 24 என்று உலைகளை நட்டுவிடுவார்கள். பிறகு வரிசையின் வாலில் இருக்கும் உலைகள் எப்போதும் காலியாகவே நிற்கும். காரணம் எளிது: கலந்த பெல்ட்டில் தாது 7.5தான் வருகிறது, அதற்கு 24 உலையே போதும். நிலக்கரிப் பாதையோ தேவைக்குப் பல மடங்கு நிரம்பி அப்படியே நின்றுகொண்டிருக்கும். கலந்த பெல்ட் என்றால் மொத்தம் 24, முழுத் தாது பெல்ட்டும் நிலக்கரிக்குத் தனி பெல்ட்டும் என்றால் 48. முழு பெல்ட்டை நிரப்ப மின்சுரங்க இயந்திரம் 30 வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொன்றும் வினாடிக்கு அரைத் துண்டுதான் வெட்டும்.

பச்சை சர்க்யூட்டில் இதே கதை வேறு வடிவத்தில் வரும். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு இரும்புத் தகடும் மூன்று செம்புக் கம்பியும் வேண்டும். கம்பி செய்யும் அசெம்ப்ளர் (பாகங்களைச் சேர்த்துப் பொருள் செய்யும் இயந்திரம்) மூன்றுக்கு சர்க்யூட் செய்யும் அசெம்ப்ளர் இரண்டு, இதுதான் சரியான கணக்கு. கம்பியை பெல்ட்டில் ஏற்றவே கூடாது. ஒரு செம்புத் தகடு இரண்டு கம்பியாகிறது, ஆகவே தகடாகப் போனால் பாதி பெல்ட்டில் முடியும் வேலைக்குக் கம்பியாகப் போனால் முழு பெல்ட் பிடிக்கும். கம்பி அசெம்ப்ளரையும் சர்க்யூட் அசெம்ப்ளரையும் ஒரு கட்டம் இடைவெளியில் வைத்து, நடுவில் இன்செர்ட்டர் என்ற இயந்திரக் கை போட்டு நேராகக் கைமாற்றிவிடுவதே உத்தமம்.

ஆராய்ச்சிக்குத் தேவையான வண்ணப் பொட்டலங்களைச் செய்ய எத்தனை அசெம்ப்ளர் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: சிவப்பு 5, பச்சை 6, ராணுவம் 5, நீலம் 12, ஊதா 7, மஞ்சள் 7. எல்லாம் இரண்டாம் நிலை அசெம்ப்ளராக இருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் நிமிடத்துக்கு 45 வரும். நீலத்துக்கு 12 என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது ஒரு முறை தயாராக 24 வினாடி ஆகும், அதனால்தான் அத்தனை. நீலத்தில் ஆட்டத்தைக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அதற்கு இந்த எண்ணிக்கை காரணமில்லை. அங்கேதான் முதன்முதலாக எண்ணெய் வருகிறது.

எண்ணெய்க்கு முன்னால் மின்சாரம். கொதிகலன் ஒன்றுக்கு நீராவி என்ஜின் இரண்டு. 20 கொதிகலனும் 40 என்ஜினும் சேர்ந்தால் 36 மெகாவாட். பழைய வழிகாட்டிகள் ஒரு தண்ணீர் பம்புக்கு 20 கொதிகலன்தான் என்று சொல்லும். 2.0 வந்த பிறகு ஒரே பம்பு 200 கொதிகலன் வரை தாங்கும், ஆகவே அந்த வரைபடங்களை நம்பிப் பத்து பம்பு நட வேண்டியதில்லை. நிலக்கரிதான் உண்மையான வரம்பு: ஒரு கொதிகலன் வினாடிக்கு 0.45 துண்டு எரிக்கும், மஞ்சள் பெல்ட் ஒன்று 33 கொதிகலன் வரைதான் ஊட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொதிகலனுக்கு நிலக்கரி போடும் இன்செர்ட்டர் மின்சாரத்தில் ஓடினால், மின்சாரம் கொஞ்சம் குறைந்ததும் அதுவும் மெதுவாகும். நிலக்கரி வெட்டும் இயந்திரமும் மெதுவாகும். கொதிகலனுக்கு நிலக்கரி குறையும், மின்சாரம் இன்னும் குறையும், ஐந்து நிமிடத்தில் மொத்த தொழிற்சாலையும் இருட்டு. தீர்வு மலிவானது: கொதிகலன் வரிசையில் மட்டும் எரிபொருள் இன்செர்ட்டர் போடுங்கள். தான் தூக்கும் நிலக்கரியிலிருந்தே தனக்கும் எடுத்துக்கொள்ளும், மின்சாரமே கேட்காது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு இரண்டு என்ஜினைத் தனி மின்வலையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் கவலையே இல்லை.

எண்ணெயில் முதல் கட்டம் சாதுவானது, பெட்ரோலிய வாயு மட்டும்தான் வரும். மேம்பட்ட சுத்திகரிப்பு வந்ததும் 100 கச்சா எண்ணெயும் 50 தண்ணீரும் போட்டால் 25 கன எண்ணெய், 45 இலகு எண்ணெய், 55 வாயு என்று மூன்றும் சேர்ந்தே வரும். மூன்றில் ஏதாவது ஒன்றின் தொட்டி நிரம்பினாலும் சுத்திகரிப்பு நின்றுவிடும். பிளாஸ்டிக் இல்லை என்று அலைவோம். காரணமோ யாரும் தொடாத கன எண்ணெய் 25,000 கொள்ளும் தொட்டியில் விளிம்பு தட்டி நிற்பதாக இருக்கும். கன எண்ணெயை இலகுவாக்க 40க்கு 30, இலகுவை வாயுவாக்க 30க்கு 20 என்று உடைக்கும் ஆலைகளை வைக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் மசகு எண்ணெய்க்குக் கன எண்ணெய் மிஞ்சாது. ஆகவே தொட்டிக்கும் உடைக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு பம்பு வைத்து, தொட்டியிலிருந்து அதற்கு ஒரு கம்பி இழுத்து, "கன எண்ணெய் 20,000க்கு மேல் இருந்தால் மட்டும் ஓடு" என்று நிபந்தனை போடுங்கள். சர்க்யூட் வலை என்றாலே ஒதுங்கிப் போகிறவர்கள்கூட இந்த ஒரு நிபந்தனையை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம், ஃபேக்டோரியோவில் ஒவ்வொரு முடக்கத்துக்கும் காரணம் திரையிலேயே இருக்கிறது. ஆல்ட் பட்டனைத் தட்டினால் எந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று அதன் மேலேயே படம் தெரியும். பி பட்டனைத் தட்டினால் எது எவ்வளவு தயாராகிறது, எவ்வளவு செலவாகிறது என்ற வரைபடம். நின்றுபோன இயந்திரத்தின் மேல் மவுஸை வைத்தால் சரக்கு வரவில்லையா, போக இடமில்லையா என்று சொல்லிவிடும். சரக்கு வரவில்லை என்றால் பெல்ட்டின் மேல்நோக்கி நடங்கள், போக இடமில்லை என்றால் கீழ்நோக்கி. எந்தப் பிரச்சினையும் இந்த நடையில் பிடிபட்டுவிடும். ரயில் மட்டும் விதிவிலக்கு. சந்திப்புக்குள் நுழையும் இடத்தில், வெளியேற வழி இருந்தால் மட்டும் உள்ளே விடும் செயின் சிக்னல், வெளியேறும் இடத்தில் சாதாரண சிக்னல், வெளியேறிய பின் ஒரு முழு ரயில் நிற்கும் அளவு நீளம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நாலு ரயில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஸ்பேஸ் ஏஜில் முதல் மூன்று புதிய கிரகங்களுக்கு எந்த வரிசையிலும் போகலாம், நான்காவதான அக்விலோவுக்கு மூன்றையும் முடித்திருக்க வேண்டும். வல்கனஸ் முதலில் போவதே புத்திசாலித்தனம். எரிமலைக் குழம்பிலிருந்தே இரும்பும் செம்பும் எடுக்கலாம், அங்கே கிடைக்கும் வார்ப்பாலை கூடுதலாக 50 சதவீதம் உற்பத்தி தரும், அங்குள்ள ராட்சதப் புழுவின் எல்லைக்குள் நாம் போகாதவரை அது நம்மைத் தேடி வராது. ஃபுல்கோராவில் எல்லாம் தலைகீழ்: பழைய இரும்புச் சாமான்களை உடைத்தால் பன்னிரண்டு விதப் பொருள் கலந்து வரும், நமக்கு வேண்டிய ஹோல்மியம் தாது அதில் நூற்றுக்கு ஒன்று. மீதிப் பதினொன்றில் ஒன்று தேங்கினாலும் பெல்ட் நின்றுவிடும். எண்ணெய்த் தொட்டியில் பட்ட பாடுதான், பன்னிரண்டு மடங்கு. மிஞ்சுவதை மறுபடி ரீசைக்கிளரிலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் கால்வாசிதான் திரும்பி வரும், சில சுற்றில் காணாமலே போய்விடும்.

க்ளெபா பலர் வெறுக்கும் கிரகம். இங்கே எல்லாம் அழுகும். ஊட்டச்சத்து 5 நிமிடத்தில், பழக்கூழ் 3 நிமிடத்தில், செய்து முடித்த ஆராய்ச்சிப் பொட்டலம் ஒரு மணி நேரத்தில். பொட்டலம் எவ்வளவு பழசோ ஆராய்ச்சி அவ்வளவு குறைவாக நகரும். மற்ற கிரகங்களில் பெல்ட் நிரம்பி நிற்பது நல்ல அறிகுறி, இங்கே அதுதான் சாவு. நின்ற பெல்ட்டில் இருப்பதெல்லாம் அழுகலாகி, அழுகலை எடுக்க யாரும் இல்லாமல், ஊட்டச்சத்தில் ஓடும் இயந்திரங்களான உயிர்க்கலன்களுக்கு அது வராமல் எல்லாம் ஒன்றாக அணைந்துபோகும். ஒவ்வொரு பெல்ட்டின் கடைசியிலும் ஒரு எரிகோபுரம் வைத்து மிஞ்சியதை எரித்துவிடுங்கள், அதாவது பெல்ட்டுக்கு முட்டுச்சந்து இருக்கவே கூடாது. ஒவ்வொரு உயிர்க்கலனுக்கும் அழுகலை மட்டும் வெளியே எடுக்கும் வடிகட்டி இன்செர்ட்டர் ஒன்று. ஒரு மூலையில் சாதாரண அசெம்ப்ளர் ஒன்றில் பத்து அழுகலுக்கு ஒரு ஊட்டச்சத்து செய்யும் செய்முறையை எப்போதும் ஓடவிடுங்கள். எல்லாம் நின்றாலும் கை வைக்காமல் மீண்டும் கிளம்ப அதுதான் ஸ்டார்ட்டர். இங்குள்ள எதிரி உயிரினங்களின் முட்டைகளைப் பெட்டியில் சேமிக்கவே கூடாது. 15 நிமிடத்தில் பொரிந்து உள்ளிருந்தே தொழிற்சாலையைத் தாக்கும். விரிவாக்கத்தின் மிகச் சிறந்த யோசனை க்ளெபாதான் என்பது என் கட்சி, கூட்டம் குறைவாக இருந்தாலும். தர நிலைகள் என்று சேர்த்திருக்கும் அமைப்பு அப்படியல்ல. ஒரே பொருளைச் செய்து, உடைத்து, மறுபடி செய்து அதிர்ஷ்டம் பார்ப்பது இந்த கேமின் குணத்தோடு ஒட்டவில்லை.

அதிர்ஷ்டம் என்றால் பலாட்ரோ. 2024 பிப்ரவரி 20 அன்று வந்தது, லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஒருவர் உருவாக்கியது. போக்கர் விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜோடி, வரிசை, ஒரே சின்னம் என்ற அளவு போதும். எட்டுப் படிகள், படிக்கு மூன்று பந்தயம், மூன்றாவது, தனி விதி ஒன்றோடு வரும் பாஸ். கையில் எட்டுச் சீட்டு, நான்கு முறை இறக்கலாம், மூன்று முறை கழிக்கலாம். சிப்ஸ் என்ற புள்ளிகளை மல்ட் என்ற பெருக்கெண்ணால் பெருக்கினால் ஸ்கோர். ஆட்டத்துக்கு உதவும் சிறப்புச் சீட்டுகளான ஜோக்கர்கள் மொத்தம் 150, அவற்றில் ஐந்தை வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஐந்தையும் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதை ஆட்டம் வலியுறுத்திச் சொல்வதில்லை, ஆனால் பாதி வெற்றி அதில்தான். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு இறக்குகிறோம்: ஏஸ், ராஜா, 9, 7, 4. ஃப்ளஷின் அடிப்படை 35 சிப்ஸ், மல்ட் 4. சீட்டுகளின் மதிப்பு 41 சேர்ந்து சிப்ஸ் 76. கையில் இரண்டு ஜோக்கர்: ஃப்ளஷுக்கு மல்ட்டில் 10 கூட்டும் டிரோல் ஜோக்கர், மல்ட்டை இரட்டிப்பாக்கும் தி ட்ரைப். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். கூட்டுவது இடப்பக்கம் இருந்தால் 4 கூட்டல் 10, அதன் இரட்டிப்பு 28, ஸ்கோர் 2,128. பெருக்குவது இடப்பக்கம் இருந்தால் 8 கூட்டல் 10, 18, ஸ்கோர் 1,368. மூன்றாம் படியின் முதல் பந்தயத்துக்கு 2,000 வேண்டும். அதே சீட்டு, அதே ஜோக்கர். ஒரு வரிசையில் ஒரே அடியில் முடிகிறது, இன்னொன்றில் இன்னொரு கை வீணாகிறது. கூட்டல் இடம், பெருக்கல் வலம். ப்ளூபிரிண்ட் என்ற ஜோக்கர் கிடைத்தால் அது தனக்கு வலப்பக்கம் இருப்பதைத்தான் நகலெடுக்கும், ஆகவே பெருக்கும் ஜோக்கருக்கு நேர் இடப்பக்கம் வையுங்கள். எட்டாம் படியில் வரும் ஆம்பர் ஏகார்ன் என்ற பாஸ் ஜோக்கர்களைக் கவிழ்த்துக் கலைத்துவிடுவது ஏன் அவ்வளவு கொடுமை என்று இப்போது புரியும்.

பணத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. அதாவது 25க்கு மேல் வைத்திருப்பதற்குத் தனிப் பலன் இல்லை, 25க்குக் கீழே போனால் வட்டி குறையும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் இரண்டாம் படியிலேயே 25ஐக் கட்டிக்காத்து, ஒரே ஒரு ஜோக்கரோடு மூன்றாம் படியில் மண்ணைக் கவ்வுவார்கள். முதல் இரண்டு படிகளில் மல்ட் கூட்டும் ஜோக்கர் எது வந்தாலும் வாங்கிவிடுங்கள், வட்டியை அப்புறம் பார்க்கலாம். ஐந்தாம் படிக்குள் பெருக்கும் ஜோக்கர் ஒன்றாவது வந்திருக்க வேண்டும். அங்கே 11,000, எட்டில் 50,000, கடைசி பாஸுக்கு அதன் இரட்டிப்பு. வயலட் வெஸ்ஸல் வந்துவிட்டால் 3 லட்சம். வெறும் கூட்டலால் இது எட்டாது.

பாஸ் யார் என்பது படி தொடங்கும்போதே தெரிந்துவிடும். தி நீடில் ஒரே ஒரு கைதான் தரும், தி சைக்கிக் ஐந்து சீட்டுக்குக் குறைவாக இறக்கினால் ஸ்கோர் தராது, தி ஐ ஒரே வகைக் கையை இரண்டாம் முறை ஏற்காது. இரண்டு பந்தய இடைவெளி இருக்கிறது, கடையில் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஜோடியை மட்டுமே நம்பி வளர்த்தவர்களுக்கு தி ஐ வரும் படியில் மூச்சு முட்டும். இறக்குவதற்கு முன் ஸ்கோர் எவ்வளவு வரும் என்று மட்டும் ஆட்டம் காட்டாது. நியாயமான முடிவுதான், காட்டினால் எல்லோரும் கால்குலேட்டர் பார்த்தே ஆடுவார்கள். ஆனால் பத்துப் பதினைந்து விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்போது எது எங்கே கூடியது என்று திரும்பிப் பார்க்கவும் வழியில்லாதது குறைதான். வேகத்தைக் குறைத்து ஆடிப் பார்ப்பது ஒன்றே வழி.

சில்க்ஸாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது, அறிவித்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி செய்தது. கட்டுப்பாடு கச்சிதம், தாவும்போது கையில் ஒரு நொடி தாமதம்கூடத் தெரியாது. கணக்குதான் கடினம். தொடக்கத்தில் உயிர் ஐந்து முகமூடி. பாஸ்கள் பெரும்பாலும் ஒரு அடிக்கு இரண்டைப் பறிக்கும், ஆக மூன்று அடியில் ஆட்டம் முடிந்தது. மருந்தாகப் பயன்படும் பைண்ட் ஒன்பது பட்டு தின்று மூன்று முகமூடி தரும். ஒரு அடி கொடுத்தால் ஒரு பட்டு. ஒன்பது அடி கொடுத்தால்தான் ஒரு மருந்து. சில்க்ஸ்பியர் என்ற ஈட்டியை எறிய நான்கு பட்டு. இரண்டு எறிந்தால் கிட்டத்தட்ட ஒரு மருந்துக்கான பட்டு போச்சு. பாஸ் பழகும்வரை சில்க்ஸ்பியரை மறந்துவிடுங்கள். பைண்டை அந்தரத்திலும் போடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரையில் பாய்கிற பாஸுக்கு மேலே தாவிப் போட்டால் பாதுகாப்பு.

முதல் கேமான ஹாலோ நைட்டில் நேராகக் கீழே குத்திக் குதித்துப் பழகியவர்களுக்கு இங்கே சாய்வாக விழும் குத்து எரிச்சல் தரும். எதிரியின் தலைக்கு நேர் மேலே நின்று குத்தினால் தப்பும், ஒரு உடல் தூரம் தள்ளி நின்று அவர்களை நோக்கிக் குத்த வேண்டும். தாக்கும் முறையை மாற்றும் வாண்டரர் க்ரெஸ்ட் கிடைத்ததும் பழைய நேர்க்குத்து திரும்பி வந்துவிடும், வீச்சு மட்டும் குறைவு.

காரணம் தெரிகிறதா என்ற கேள்விக்கு, சண்டைக்குள் தெரிகிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னறிவிப்பு அசைவு உண்டு, பட்டால் நம் தப்புதான். வெளியே அப்படியில்லை. லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் தோற்றால், உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடமான பெஞ்சிலிருந்து மறுபடி நீண்ட தாவல் பாதை, அங்கே சண்டையைப் பற்றிக் கற்க எதுவும் இல்லை, வெறும் அலைச்சல். வென்றுவிட்டோம் என்று அருகிலேயே நிற்பவர்களுக்கு ஒரு சேதி: அது சாகும்போது வெடிக்கும், கடைசி அடி விழுந்ததும் ஓடிவிடுங்கள். ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் ஒரு பெஞ்சே பொறி. மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற பாஸ்கள் இரண்டையும் வெளியான சில நாளிலேயே ஒரு பேட்சில் கொஞ்சம் தணித்தார்கள், நல்லது. பணமாகப் பயன்படும் செபமணிகளை மட்டும் தளர்வாகச் சுமந்துகொண்டு புது இடத்துக்குள் போகாதீர்கள். இறந்தால் கூட்டில் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்கும் முன் மறுபடி இறந்தால் போச்சு. வழியில் உள்ள இயந்திரத்தில் சரமாகக் கோத்துவிட்டால் கொஞ்சம் கழிவு போகும், ஆனால் இறந்தாலும் சரம் கையில் இருக்கும். எறியும் கருவிகளுக்கு ஓட்டுச் சில்லு வேண்டும், அது பெஞ்சில் உட்காரும்போது தானாகவே செலவாகும். ஒரே பாஸிடம் தொடர்ந்து தோற்றால் சில்லு தீர்ந்து, கருவியே இல்லாமல் நிற்போம். ஆகவே முதல் சில முயற்சிகளில் கருவியைத் தொடாமல் அசைவுகளை மட்டும் பாருங்கள், இரண்டாம் கட்டம் வரை அடிபடாமல் போக முடிந்த பிறகு எடுங்கள்.